ஆற்காட்டுச் சீமை – 23: டச்சுக் கொடிக்குப் பின்னால் ஒளிந்த பீரங்கி

சென்னைப் பட்டணம் பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்த கதையை இந்த வாரம் சொல்வதாகப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். 1744இல் ஐரோப்பாவில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் சண்டை மூண்டபோது, அந்தப் பகையை இங்கே கொண்டுவர வேண்டாம், நாம் வியாபாரத்தைப் பார்ப்போம் என்று சென்னை கவர்னர் மோர்ஸுக்குத் தூது விட்டவர் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே. அதே டூப்ளே இரண்டே வருஷத்தில் சென்னையை அழித்தே தீருவேன் என்று நிற்கிறார். நடுவில் என்ன நடந்தது?

பள்ளிப் புத்தகங்கள் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. ஆங்கிலேயர் பிரெஞ்சு வணிகக் கப்பல்களைப் பிடித்தார்கள் என்று ஒரு வரி, அடுத்த வரியில் சென்னை முற்றுகை. என்னைக் கேட்டால், சென்னையின் விதி எழுதப்பட்டது ஜார்ஜ் கோட்டை வாசலில் இல்லை. சுமத்ராவுக்கும் பாங்கா தீவுக்கும் நடுவே இருக்கும் ஒடுங்கிய நீரிணையில், 1745ஆம் வருஷத் தொடக்கத்திலேயே எழுதியாகிவிட்டது. எழுதியவர் பெயர் கர்ட்டிஸ் பார்னெட்.

பார்னெட் கிழக்கிந்தியக் கம்பெனி ஆள் இல்லை, இங்கிலாந்து ராஜாவின் கடற்படைத் தளபதி. இந்த வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது. மோர்ஸ் சமாதானத்துக்குத் தலையாட்டலாம்; ராஜாவின் கப்பலைக் கட்டுப்படுத்த அவருக்கு அதிகாரம் கிடையாது. பார்னெட் 1744இல் நான்கு கப்பல்களோடு இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். வந்தவர் நேராகச் சோழமண்டலக் கரைக்கு வரவில்லை. இந்தக் கரையில் நின்றால் கிடைப்பது சில்லறை, பெரிய பணம் சீனத்திலிருந்து திரும்பும் பிரெஞ்சுக் கப்பல்களில் இருக்கிறது என்று கணக்குப் போட்டார். அந்தக் கப்பல்கள் ஊர் திரும்ப மலாக்கா வழியாக வரலாம், பாங்கா வழியாகவும் வரலாம். படையை இரண்டாகப் பிரித்தார். மெட்வே, டால்ஃபின் இரண்டையும் மலாக்கா பக்கம் அனுப்பிவிட்டு, டெப்ட்ஃபோர்ட், பிரெஸ்டன் இரண்டோடும் தானே பாங்காவுக்குப் போனார். போவதற்கு முன்னால் இரண்டு போர்க்கப்பல்களுக்கும் டச்சு வேஷம் போட்டார்.

ஏன் டச்சு? பட்டாவியா (இன்றைய ஜகார்த்தா) பக்கத்தில் டச்சுக் கப்பலை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அது டச்சுக்காரர் வீட்டு முற்றம். பிரான்சுக்கும் டச்சுக்காரருக்கும் அப்போது வெளிப்படையான போரும் இல்லை. அந்தக் கொடி கீழ்த்திசை முழுக்க எவ்வளவு பழகிய காட்சி என்பதை நாம் தூரத்தில் போய்த் தேட வேண்டியதில்லை. நம் திருத்தணி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில், கிழக்குக் கோடியில் பழவேற்காடு இருக்கிறது. சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடமாக 1690 வரை இருந்த ஊர். அதன்பிறகுதான் அந்தப் பெருமை நாகப்பட்டினத்துக்குப் போனது. கெல்டிரியா கோட்டை இன்று மண்மேடு, முள்புதர். கல்லறைத் தோட்டம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. அதன் வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடுகளைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே கருங்கல் பலகைகளில் டச்சு எழுத்து, குடும்பச் சின்னங்கள். வியாபாரம் செய்ய வந்து இந்த மண்ணிலேயே மாண்டவர்கள் அவர்கள். அந்தக் கொடியை நம்பித்தான் பிரெஞ்சுக் கப்பல்கள் பாங்கா நீரிணைக்குள் வந்தன.

இந்த வேஷம் எப்படி எடுபட்டது என்று கேட்கலாம். அந்தக் காலத்துப் போர்க்கப்பலுக்கு அடையாளம் அதன் விலாதான். பீரங்கி வாய் நீட்டும் சதுரக் கதவுகள் வரிசையாக இருக்கும். ஆனால் ஐரோப்பியக் கம்பெனிகளின் பெரிய சரக்குக் கப்பல்களும் கொள்ளையருக்குப் பயந்து பீரங்கி வைத்திருந்தன. அவற்றின் விலாவிலும் அதே கதவுகள். வெறும் சாயத்தில் பொய்க் கதவுகளை எழுதிக்கொண்ட சரக்குக் கப்பல்களும் உண்டு. ஆகவே ஒரு மைல் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல வழி குறைவு. அவன் தளத்தில் எத்தனை தலை தெரிகிறது என்று பார்ப்பான். 60 பீரங்கிக் கப்பலில் 400 பேர்வரை இருப்பார்கள். சரக்குக் கப்பலில் 100 பேர் இருந்தால் பெரிது. எனவே மாறுவேடத்தில் போகும் கப்பல் ஆட்களைக் கீழ்த்தளத்தில் அடைத்துவைத்துவிட்டு, பத்துப் பதினைந்து பேரை மட்டும் மேலே உலவவிடும். பாயை ஏற்றி இறக்குவதில் படைக்குரிய சுறுசுறுப்பைக் காட்டாமல் சோம்பலாக நகரும். பிறகு கொடி.

கொடி விஷயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அடுத்தவன் கொடியைக் காட்டி நெருங்கலாம், ஏமாற்றலாம், குற்றமில்லை. முதல் குண்டு வெடிப்பதற்கு முன்னால் அதை இறக்கிவிட்டுச் சொந்தக் கொடியை ஏற்றிவிட வேண்டும். அவ்வளவுதான் தர்மம். இதைத் தர்மம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கொடி மாறிய அந்த ஒரு நிமிஷத்தில் எதிராளி என்ன செய்துவிட முடியும்? பீரங்கி எட்டும் தூரத்துக்குள் அவன் ஏற்கெனவே வந்தாகிவிட்டதே.

பாங்காவில் வந்து மாட்டியவை மூன்று: தோஃபேன், எர்க்யூல், ழாசோன். காண்டனிலிருந்து தாய்நாடு திரும்பிக்கொண்டிருந்த பெரிய கப்பல்கள். சும்மா சரணடையவில்லை, நன்றாகவே சண்டை போட்டன. ஆனாலும் மூன்றும் பிடிபட்டன. பார்னெட் அவற்றைச் சரக்கோடு பட்டாவியாவுக்கு இழுத்துப்போய் டச்சு கவர்னர் ஜெனரலிடமே மொத்தமாக விற்றார். விலை 92,000 பவுண்டு. வாங்கியவர் வான் இம்ஹோஃப், முன்பு இலங்கையில் கவர்னராக இருந்தவர். தன் நாட்டுக் கொடியைக் காட்டிப் பறித்த சரக்கு என்று தெரிந்தும் அவர் பணத்தை எண்ணிக் கொடுத்தார். இந்தக் கதையில் எனக்குக் கொஞ்சமும் மரியாதை வராத ஆள் இவர்தான். பார்னெட்டுக்காவது போர் என்ற காரணம் இருந்தது.

மலாக்கா பக்கம் போன மெட்வேயும் வெறுங்கையோடு வரவில்லை. அச்சே துறையில் ஒரு பிரெஞ்சுக் கப்பலைப் பிடித்தது. அதற்கே மெட்வேஸ் பிரைஸ், அதாவது மெட்வே பிடித்த கப்பல், என்று பெயர் சூட்டி ஆங்கிலப் படையில் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த யுக்தி அதோடு நின்றுவிடவில்லை. 1804இல் காண்டனிலிருந்து வந்த ஆங்கிலச் சரக்குக் கப்பல் கூட்டம் ஒன்று, நதானியேல் டான்ஸ் தலைமையில், தங்களைப் போர்க்கப்பல்போலக் காட்டி பிரெஞ்சுத் தளபதி லினுவாவையே விரட்டியது. நமக்கெல்லாம் தெரிந்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், 1914 செப்டம்பரில் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய அதே கப்பல், அடுத்த மாதம் பினாங்கில் நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. எம்டனைப் பற்றிப் பேசுகிற நாம் வுல்ஃப் என்ற இன்னொரு ஜெர்மன் கப்பலை மறந்துவிட்டோம். அது பிறப்பால் சரக்குக் கப்பல், பழைய பெயர் வாக்ஃபெல்ஸ். விலாவில் கீல் வைத்த தகடுகள். அவை கீழே விழுந்தால்தான் பின்னால் இருக்கும் பீரங்கி தெரியும். 1917 பிப்ரவரியில் கொழும்புக்கு வெளியே அது கண்ணிவெடிகளைப் போட்டுவிட்டுப் போன சில நாட்களில் வொர்செஸ்டர்ஷையர், பெர்சியஸ் என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கின. ஒரே ஒரு சரக்குக் கப்பல், ஒரு குண்டும் சுடாமல். பார்னெட் நட்ட விதையின் மகசூல் இது.

புதுச்சேரிக்கு வருவோம். பாங்காவில் கப்பல்கள் பிடிபட்ட சேதி வந்தபோது டூப்ளேக்கு அது கம்பெனி நஷ்டம் மட்டும் இல்லை. கீழ்க்கடல் வாணிபத்தில் அவர் சொந்தப் பணத்தையும் போட்டிருந்தார். அவருக்கு மட்டுமா? புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளையின் தினப்படிச் சேதிக் குறிப்பைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், ஒரு கப்பல் எந்தத் துறையில் நிற்கிறது, எப்போது வரும் என்ற கவலை அந்த ஊரை எப்படி ஆட்டிப்படைத்தது என்று. பிள்ளைவாளே ஆனந்தப்புரவி என்ற கப்பலுக்குச் சொந்தக்காரர்.

கப்பல் வராவிட்டால் வெள்ளி வராது. வெள்ளி வராவிட்டால் நெசவாளிக்கு முன்பணம் இல்லை. திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் போனால் இன்றும் தெருவெல்லாம் தறிச் சத்தம். சாயநூலைக் கொடுத்துத் துணியை வாங்கிக்கொள்ளும் முதலாளி ஒரு வாரம் வராவிட்டால் அந்த வீடுகளில் அடுப்பு எப்படி எரியும் என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்றைய ஆற்காட்டுச் சீமையின் நெசவூர்களும் அந்த முன்பணத்தை நம்பியே இருந்தன. பாங்கா என்ற பெயரைக்கூடக் கேட்டிராதவர்கள் அவர்கள். கார்வேட்டிநகரத்துப் பொம்மராஜாக்களின் ஆளுகையில், மலைமேல் முருகனைக் கும்பிட்டுக்கொண்டிருந்த நம் திருத்தணிக்கும் கடல் சண்டைக்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பது எத்தனை தவறு!

பார்னெட் 1745இல் இந்தக் கரைக்கே வந்து நின்றார். புதுச்சேரியைத் தாக்கும் எண்ணமும் இருந்தது. ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் குறுக்கே நின்று, என் சீமையில் சண்டை கூடாது என்று ஆங்கிலேயரைத் தடுத்தார். நவாப் அன்று காட்டிய அந்த உறுதிக்கு வரலாறு போதிய மதிப்புக் கொடுக்கவில்லை என்பது என் கட்சி. டூப்ளே அந்தப் பாதுகாப்பில் மூச்சு விட்டுக்கொண்டே மொரீஷியஸுக்கு ஆள் அனுப்பினார். அங்கே பிரெஞ்சு கவர்னராக லா பூர்தொனே இருந்தார்.

இந்த மனிதரைப் பற்றித் தனியாக ஒரு தொடரே எழுதலாம். பார்னெட் போர்க்கப்பலைச் சரக்குக் கப்பலாக்கினார் அல்லவா? இவர் சரக்குக் கப்பல்களைப் போர்க்கப்பலாக்கினார். பிரெஞ்சு ராஜாவின் கப்பல் என்று அவரிடம் இருந்தது அஷீல் ஒன்றுதான். மற்றவை கம்பெனியின் வியாபாரக் கப்பல்கள். கிடங்குகளைக் காலி செய்து பீரங்கி ஏற்றினார். மாலுமிகளைத் துப்பாக்கி பிடிக்கப் பழக்கினார், ஆப்பிரிக்க அடிமைகளுக்கும் பயிற்சி கொடுத்துச் சேர்த்தார். கிளம்பிய வேகத்தில் மடகாஸ்கர் அருகே புயல் பாய்மரங்களை முறித்துப்போட்டது. அவர் திரும்பிப் போகவில்லை. அந்தோங்கில் குடாவில் இறங்கி, சதுப்புக் காட்டில் வழி வெட்டி, மரம் அறுத்து, புதுப் பாய்மரம் நட்டுக்கொண்டு கிளம்பினார். கப்பல் கட்டத் தெரிந்த தளபதிக்குத்தான் இது கைவரும்.

1746 ஜூலை 6, நாகப்பட்டினத்துக்கு எதிரே இரண்டு படைகளும் சந்தித்தன. பார்னெட் அப்போது உயிரோடு இல்லை. சில வாரங்களுக்கு முன்புதான் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்திருந்தார். அவர் இடத்தில் எட்வர்ட் பேட்டன். ஆங்கிலேயரிடம் ஆறு கப்பல், பெரிய பீரங்கிகள். பிரெஞ்சுக்காரரிடம் ஒன்பது, பெரும்பாலும் சின்ன பீரங்கிகள். சாயங்காலம் தொடங்கி இருட்டும்வரை சுட்டுக்கொண்டார்கள். மறுநாள் லா பூர்தொனே அசையாமல் அங்கேயே நின்றார். சாப்பாடும் வெடிமருந்தும் தீர்ந்துபோகும் நிலையில், இன்னொரு சண்டைக்குத் தயார் என்று காட்டிக்கொண்டு நின்றார். பேட்டன் அதை நம்பித் திருகோணமலைக்கு ஒதுங்கிவிட்டார். மெட்வேயில் தண்ணீர் கசிந்தது உண்மைதான். அதையும் மன்னிக்கலாம். ஆகஸ்டில் மறுபடி வந்து, பிரெஞ்சுக்காரரைப் பார்த்ததும் விலகி, நம் பழவேற்காடு வரை வந்து விசாரித்துவிட்டு, சென்னையை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டு வங்காளம் போனாரே, அதை எப்படி மன்னிப்பது?

பிறகு சென்னை எத்தனை நாள் தாங்கும்? பிரெஞ்சுப் படை சாந்தோம் பக்கம் இறங்கியது. செப்டம்பர் 21 அன்று கோட்டை சரணடைந்தது. யார் எவ்வளவு மீட்புப் பணம் கேட்டார்கள், டூப்ளேக்கும் லா பூர்தொனேக்கும் அதில் எப்படி முட்டிக்கொண்டது, நவாபின் மகன் மாபூஸ் கான் அடையாற்றங்கரைக்கு ஏன் வந்தார் என்பதையெல்லாம் அடுத்த வாரம் பார்ப்போம். கோட்டையில் கைதியாகப் பிடிபட்ட கம்பெனி குமாஸ்தாக்களில், 21 வயது நிரம்ப இன்னும் சில நாட்கள் இருந்த ஒருவன், உடம்பில் நம் நாட்டு உடையைச் சுற்றிக்கொண்டு காவலர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுச் செயின்ட் டேவிட் கோட்டைக்குத் தப்பினான். ராபர்ட் கிளைவ்.

(தொடரும்)