மேசை மேல் ஓடும் மலை ரயில்

சென்ற மாதம் நான் ஒன்றும் எழுதவில்லை என்று இரண்டு மூன்று நண்பர்கள் போன் செய்து, "ஐயா, உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று விசாரித்தார்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. வீடு வீடாகப் போய் ரயில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கிறுக்கு பிடித்தது புனேயில். மகளைப் பார்க்கப் போயிருந்தபோது, கோத்ரூட் பகுதியில் உள்ள ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகத்துக்குப் பேரனைக் கூட்டிப் போனேன். பி.எஸ். ஜோஷி என்ற தனி மனிதரின் பொழுதுபோக்கு அது. 1998-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அரை மணி நேரத்தில் பேரனுக்கு அலுத்துவிட்டது. எனக்கு அலுக்கவில்லை. அங்கே அறிமுகமான ஒருவர், "உங்கள் பக்கத்திலும் சிலர் வீட்டிலேயே இதைச் செய்கிறார்கள்" என்று மூன்று பேரைச் சொன்னார். மூவருமே சாதாரண ரயில் செய்பவர்கள் அல்ல, குறுகிய பாதைக்காரர்கள்.

குறுகிய பாதை என்றால் என்ன என்பதிலேயே எனக்குச் சின்ன வயதில் ஒரு குழப்பம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரெஞ்சுக்காரர்களுக்கு 1,435 மில்லிமீட்டருக்குக் குறைந்த தண்டவாளம் எல்லாமே 'வுவா எத்ருவாத்', அதாவது ஒடுங்கிய பாதை. மீட்டர் கேஜும் அதில் அடக்கம். நம் ரயில்வேயில் அப்படியில்லை. மீட்டர் கேஜ் தனி இனம். இரண்டரை அடியும் இரண்டு அடியும்தான் நேரோ கேஜ். எங்கள் பள்ளிக் கணக்குப்படி பார்த்தால், 1879-ல் வந்த விழுப்புரம் - புதுச்சேரி ரயிலும், 1928 முதல் பழனி வழியாக ஓடிய திண்டுக்கல் - பொள்ளாச்சி ரயிலும் குறுகிய பாதைதான். இப்போது இரண்டும் அகலப்பாதை ஆகிவிட்டன, அது வேறு கதை.

முதல் வீடு கோயம்புத்தூரில். பஞ்சாலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடி அறை முழுக்க ஊட்டி ரயில். 87-ல் ஒரு பங்கு அளவு. மீட்டர் கேஜை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர் வரும்; 12 மில்லிமீட்டர் தண்டவாளம் ஐரோப்பாவில் கிடைக்கிறது. சுவிட்சர்லாந்து மாதிரி என்ஜினை வாங்கி நீலகிரி நிறம் அடித்திருக்கிறார். "இது ஏமாற்று வேலை இல்லையா?" என்று கேட்டேன். "அசல் என்ஜினே சுவிட்சர்லாந்தில் விண்டர்தூரில் செய்து வந்ததுதானே!" என்றார். வாயை மூடிக்கொண்டேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் போட்ட பாதை. பன்னிரண்டரை அடி நகர்ந்தால் ஓர் அடி ஏற வேண்டும். அதற்காகத்தான் நடுவில் இரட்டைப் பல் தண்டவாளம். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி வைத்திருப்பார்கள். ஒரு பல் விடுவதற்குள் அடுத்தது பிடித்துக்கொள்ளும். மேசையில் அந்தப் பல் சரியாகப் பிடிக்காமல் என்ஜின் மூன்று முறை சறுக்கியது. நான் டார்ச் பிடித்தேன். சாப்பாடு நேரம் தாண்டிப் போனதை இருவருமே கவனிக்கவில்லை.

இரண்டாவது சேலத்தில் ஓர் அடுக்குமாடி வீடு. வங்கியில் வேலை பார்க்கும் இளைஞர். இடம் இல்லாததால் புத்தக அலமாரியின் ஒரு தட்டில் மொரப்பூர் - தர்மபுரி ரயிலை ஓடவிட்டிருக்கிறார். பஞ்ச காலத்துக்கு உதவும் என்று போட்ட இரண்டரை அடிப் பாதைகள் நம் மாநிலத்தில் இருந்தன என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி 1905-ல், மொரப்பூர் - தர்மபுரி 1906-ல், அது ஓசூர் வரை நீண்டது 1913-ல். 1941-ல் இரண்டையும் மூடிவிட்டார்கள், யுத்த காலம். இரண்டரை அடி என்பது 762 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9. இன்னும் சிறிய மாதிரி ரயில்களுக்கு என்று கடையில் விற்கும் தண்டவாளம் சரியாக 9 மில்லிமீட்டர். அதை வாங்கி, அதன் மேல் பெரிய அளவுப் பெட்டியைக் கட்டிவிட்டால் குறுகிய பாதை தயார். உலகம் முழுக்க இந்தத் தந்திரம்தானாம்.

மூன்றாவது வீட்டைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும்.

போடியில் என் மனைவியின் பெரியம்மா இருக்கிறார், தொண்ணூறு தாண்டியவர். அவரைப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே இருந்த ஓர் ஓவிய ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். பணி ஓய்வு பெற்றவர். அவர் செய்துகொண்டிருப்பது குண்டளப் பள்ளத்தாக்கு ரயில். நம் பழனி மலையின் மேற்குக் கோடிக்கு அப்பால், மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடியது. டாப் ஸ்டேஷன் என்ற ஊர்ப் பெயரே அந்த ரயில் விட்டுப்போனதுதான்.

1902-ல் முதலில் வந்தது ஒற்றைத் தண்டவாளம். வண்டியின் பாரம் பெரும்பாலும் அந்த ஒற்றைக் கம்பியின் மேல். சாய்ந்து விடாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருளும். இழுத்தது காளை மாடு. இதே முறையில் பாட்டியாலாவில் ஓடிய வண்டியை டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். 1908-ல் மூணாறில் அதை எடுத்துவிட்டு இரண்டு அடி அகல இரட்டைத் தண்டவாளம் போட்டு, சிறிய நீராவி என்ஜின் விட்டார்கள். (பால் தெகோவில் என்ற பிரெஞ்சுக்காரர் சர்க்கரைக் கிழங்கு வயலுக்காகச் செய்யத் தொடங்கிய இலகு ரயில், 1889 பாரீஸ் கண்காட்சியில் 60 சென்டிமீட்டர் அகலத்தில் கூட்டத்தையே சுமந்தது என்று பள்ளியில் படித்திருக்கிறேன். தோட்டங்களுக்கு இந்த அகலம் போதும் என்று உலகம் கண்டுகொண்ட காலம் அது.) தேயிலைப் பெட்டிகள் ரயிலில் டாப் ஸ்டேஷன் வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டு வண்டியில் போடி.

ஆசிரியர் இதை அழகாகச் செய்திருக்கிறார். எட்டடி மேசையின் ஜன்னல் பக்கத்து விளிம்புதான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து நூல் இறங்கி, தரையில் உள்ள ஒரு முக்காலிக்குப் போகிறது. முக்காலிதான் கொட்டகுடி. தையல் மெஷின் மோட்டார் நூலைச் சுற்ற, தீப்பெட்டி அளவுகூட இல்லாத தொட்டிகள் இறங்குகின்றன. தண்டவாளம் இதிலும் 9 மில்லிமீட்டர், ஆனால் 76-ல் ஒரு பங்கு அளவு. "கணக்குப்படி 8 தான் சார் வரணும். ஒரு மில்லிமீட்டர் பொய், மன்னிச்சுக்கணும்" என்றார்.

நடைமேடையில் தொப்பி போட்ட ஒரு துரை, கொடியோடு ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், என்ஜினில் ஒருவர். அவ்வளவுதான் ஆட்கள்.

"பெட்டியை ரயிலிலிருந்து தொட்டிக்கு யார் சார் மாற்றுவது?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்குக் கிடைச்ச பழைய போட்டோவில் இவங்கதான் இருக்காங்க. இல்லாததை நானாகப் போடக் கூடாதுன்னு..." என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன். எத்தனை மூட்டை, எத்தனை மைல், என்ன கூலி என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்போம். தூக்கியவன் பெயர் அதில் இருக்காது. ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு சாட்சி இருந்தது. பெரியம்மாவின் அப்பா அந்த டாப் ஸ்டேஷனில் பெட்டி தூக்கியவர். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் கேட்ட கதை. நான்தான் இவ்வளவு நாளாகக் கதை என்றே ஒதுக்கி வைத்திருந்தேன்.

ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். பெரியம்மாவுக்குக் காது மந்தம், நினைவு மந்தமில்லை. அவர் பிறந்தது ரயில் போன பிறகு. அப்பா சொன்னதைத்தான் சொன்னார். "அங்க வெயிலு ஏது மாப்ளே? எந்நேரமும் மழையும் மஞ்சும்தான். எல்லாருக்கும் கறுப்புக் கம்பளிதான். தலையோட போத்திக்கிட்டு நிப்பாங்களாம். கீழ இருந்து அரிசி மூட்டை ஏறி வருமாம், அதையும் இவங்கதான் இறக்கணும்."

1924 ஜூலை வெள்ளத்தைப் பற்றியும் கேட்டோம். மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள், கொல்லம் ஆண்டு 1099. அதில்தான் குண்டள ரயில் அடித்துக்கொண்டு போனது. மறுபடி யாரும் போடவில்லை. மூணாறில் அன்றைய ஸ்டேஷன் கட்டடம் இன்று தேயிலைக் கம்பெனியின் அலுவலகம். "அப்பா கொட்டகுடிக்கு நடந்தே இறங்கி வந்தாராம். கம்பளியைத் தவிர கையில ஒண்ணுமில்லையாம்" என்றார் பெரியம்மா. போடிக்கு ரயில் வந்தது அதற்கு நான்கு வருஷம் கழித்து, 1928-ல். அந்த ரயிலில் அவர் ஏறவே இல்லையாம். ஏன் என்று பெரியம்மாவுக்குத் தெரியவில்லை.

ஆசிரியர் வழி நெடுகப் பேசாமல் வந்தார்.

நான் ஆயக்குடி வந்து சேர்ந்த நாலாம் நாள் போனில் ஒரு படம் அனுப்பினார். டாப் ஸ்டேஷன் மேடையில் ஆறு பேர். பழைய குடைத் துணியை வெட்டிக் கம்பளி போர்த்தியிருக்கிறார். ஒவ்வொருவர் தலையிலும் ஒரு தேயிலைப் பெட்டி. துரையை மேடையின் ஓரத்துக்கு நகர்த்தியிருந்தார்.

போடிக்குப் போன் போட்டு, பேத்தியிடம் படத்தைக் காட்டச் சொல்லியிருந்தேன். பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாராம். பிறகு போனை வாங்கி என்னிடம், "தலையில வச்சா தொட்டியில எப்படி மாப்ளே இறக்குவான்? தோள்ல. ரெண்டு பேரு புடிச்சு" என்றார்.

ஆசிரியரிடம் சொன்னேன். ஃபெவிகால் நன்றாகக் காய்ந்துவிட்டதாம். பிளேடு வைத்து ஒவ்வொன்றாகப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார்.