உல்கும் வணிக அறமும்

பொன்விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் வணிகர் சங்கத்துப் பெரியோர் பணித்தனர். வணிக முன்னோருக்குச் செய்யும் வழிபாடாகவே அதை ஏற்றேன். சங்கம் வளர்ந்த வரலாறு யாவரும் அறிந்ததே. வழியில் சரக்கு பட்ட பாட்டை இங்கே சொல்கிறேன்.

புலிப் பொறி

உல்கு பொருளை, அதாவது சுங்கமாக வரும் பொருளை, அரசனுக்கு உரியதென்று வள்ளுவப் பெருந்தகை 'பொருள்செயல்வகை'யில் வகுத்தார். அதற்கு ஈடாக அரசன் தந்தது என்ன என்பதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டுகிறார். பட்டினப்பாலையில் புகார் நகரத்துச் சுங்க அலுவலர் சோர்வறியாதவர். சரக்கு மூட்டைகளில் புலிப் பொறி பதித்துக் காத்தவர். பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் செல்லும் உல்குடைப் பெருவழியை வில் வீரர் காக்கின்றனர். உல்கு வாங்கியவன் சரக்குக்குக் காவலன். இதுவே தமிழர் கண்ட அறம். அதற்கும் ஒரு படி மேலே சென்ற முதற் குலோத்துங்கனை 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று இன்றும் போற்றுகிறோம்.

சௌக்கியும் ரவானாவும்

கிழக்கிந்தியக் கம்பெனி இந்த அறத்தைத் தலைகீழாக்கியது. அதன் ஆட்கள் தஸ்தக் என்ற சீட்டைக் காட்டிச் சுங்கமின்றி வாணிகம் செய்ய, வங்காளத்து வணிகர் மட்டும் சுங்கம் கட்டினர். 1763-இல் நவாப் மீர் காசிம் எல்லாருக்கும் சுங்கத்தை நீக்கினார். அதைப் பொறாத கம்பெனி போர் தொடுத்தது.

பிறகு கம்பெனி வைத்ததே சட்டம். பருத்திக்கு 5 விழுக்காடு, நூலுக்கு 7½, துணிக்கு 2½. வெள்ளைத் துணி என்று ரவானா என்ற வழிச் சீட்டு வாங்கிய பின் சாயம் தோய்த்தால் இன்னுமொரு 2½. மொத்தம் 17½! இங்கிலாந்துத் துணிக்கோ 2½ மட்டுமே. சௌக்கி என்ற சுங்கச் சாவடிதோறும் வண்டியை நிறுத்தி, சீட்டில் கண்ட இனமும் அளவும் மதிப்பும் சரிதானா என்று பார்ப்பார்கள். அதற்குக் கட்டை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்த துணி மண்ணும் மழையும் படும். சந்தை நாளும் தவறும். வரியைவிடத் தாமதமே வணிகரை அதிகம் வாட்டியது.

எழுத்தின் வலிமை

இக்கொடுமையைச் சான்றுகளோடு 1834-இல் அறிக்கையாக்கியவர், பின்னாளில் சென்னை ஆளுநரான சார்லஸ் டிரெவெல்யன். அதைத் தொடர்ந்து 1836-இல் வங்காளத்திலும் 1844-இல் சென்னை மாகாணத்திலும் உள்நாட்டுச் சுங்கம் ஒழிந்தது.

இளம் வணிகர்களே! உங்கள் கணக்கு பழுதின்றி இருக்கட்டும். துறைமுகத்திலோ சோதனைச் சாவடியிலோ சரக்கு காரணமின்றி நின்றால், நாள், நேரம், சேதம் மூன்றையும் எழுதி வையுங்கள். சங்கத்தின் பெயரால் ஒன்றுகூடி நியாயம் கேளுங்கள். வரி கொடுத்தவனுக்குக் கேட்கும் உரிமை உண்டு.