புல்வெளி நாட்டின் சிற்றூர்கள்

பிறந்த ஊரைப் பிரிந்தவர் உள்ளத்தில் எழும் ஏக்கத்தை ஒரு காலத்தில் மருத்துவர்கள் நோயென்றே கருதினர். 1688ஆம் ஆண்டில் யோகான்னஸ் ஹோபர் என்னும் சுவிஸ் மருத்துவ மாணவர் இதைப் பற்றி ஆய்வுரை எழுதி, வீடு திரும்புதல், வேதனை என்னும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, அதற்கு ‘நொஸ்டால்ஜியா’ எனப் பெயரிட்டார். தொலை நாடுகளில் வாழ்ந்த சுவிஸ் மக்களிடையே அவர் கண்ட நோய் அது. பின்வந்த நூற்றாண்டுகளில் அச்சொல் மருத்துவ நூல்களை விட்டு நீங்கி இலக்கியத்தில் குடிபுகுந்தது. இடத்தைப் பிரிந்த துயரைக் குறித்த சொல், கடந்துபோன காலத்துக்காக ஏங்குவதையும் குறிக்கலாயிற்று.

ஐக்கிய அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள புல்வெளி மாநிலங்களில் இந்த ஏக்கம் ஒரு பொது உணர்ச்சியாகவே வளர்ந்திருக்கிறது. நெப்ராஸ்கா, கான்சாஸ், வட டக்கோட்டா, தென் டக்கோட்டா ஆகிய மாநிலங்களின் சிற்றூர்களில் பிறந்து நகரங்களுக்குச் சென்றோர், தம் ஊரின் ஒற்றைக் கடைத்தெருவையும், வானளாவிய தானியக் களஞ்சியத்தையும், சனிக்கிழமை மாலைகளையும் ஓயாது நினைந்து பேசுவர். அந்த ஊர்கள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு தேய்ந்தன, நினைவு எதைப் பேணி எதை மறந்தது என்பதற்கு நெப்ராஸ்காவின் வரலாறு தக்க எடுத்துக்காட்டாகும்.

ஏறக்குறைய 77,000 சதுர மைல் பரப்புடைய நெப்ராஸ்கா, 1867ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் 37ஆவது மாநிலமாயிற்று. அதற்கு முன்னர் அதன் பெரும்பகுதி மரமற்ற புல்வெளி. கிழக்கே ஆளுயரம் வளர்ந்த புல், மேற்கே செல்லச் செல்ல மழை குறைவதற்கேற்பக் குட்டையாகும். அந்நிலத்தில் காட்டெருமைக் கூட்டங்கள் மேய்ந்தன. போனி, பொன்கா, ஒமாஹா, லக்கோட்டா முதலிய பழங்குடி மக்கள் அங்கே வாழ்ந்தனர்.

அப்புல்வெளியில் ஊர்களைத் தோற்றுவித்தவை இரண்டு: ஒன்று சட்டம், மற்றது புகையிரதம். ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் 1862ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி கையொப்பமிட்ட குடியிருப்புக் காணிச் சட்டத்தின்படி, சிறிய கட்டணமொன்றைச் செலுத்தி, ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிரிட்டவருக்கு 160 ஏக்கர் நிலம் உரித்தாயிற்று. மணமாகாத பெண்களுக்கும், அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்களுக்கும் இவ்வுரிமை கிடைத்தது. புகையிரதக் கம்பனிகளோ அரசாங்கத்திடமிருந்து பெருநிலங்களை மானியமாகப் பெற்று, அவற்றைக் குடியேறுவோருக்கு விற்றன. ஐரோப்பாவிலும் விளம்பரஞ் செய்து ஆட்களை அழைத்தன. செர்மானியர், சுவீடியர், டேனியர், பொகீமியாவிலிருந்து வந்த செக் மக்கள் எனப் பல இனத்தவர் வந்து சேர்ந்தனர். 1880இல் 4 இலட்சத்து 52 ஆயிரமாக இருந்த குடிசனத் தொகை, பத்தே ஆண்டுகளில் 10 இலட்சத்து 62 ஆயிரமாகப் பெருகியது.

தானியம் ஏற்றிய குதிரை வண்டி ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய தூரத்தில் புகையிரத நிலையங்கள் அமைந்தன. நிலையம் எங்கே, அங்கே ஊர். பர்லிங்டன் புகையிரதப் பாதையில் கிரீட், டோர்செஸ்டர், எக்ஸிட்டர், ஃபேர்மொன்ட், கிராஃப்டன், ஹாவார்ட், இன்லண்ட், ஜூனியாட்டா, கெனசா, லோவெல் என வரும் பத்து ஊர்களும், ஆங்கில நெடுங்கணக்கின் மூன்றாம் எழுத்து முதல் பன்னிரண்டாம் எழுத்து வரை வரிசை பிசகாமல் பெயர் பெற்றவை. நம் முன்னோர் ஊர் என்று பிற்கால மக்கள் பெருமிதத்துடன் கூறியவற்றுள் பல, இவ்வாறு கம்பனி அலுவலகத்தில் வரைபடத்தின்மீது கோடு கிழித்துப் பிறந்த ஊர்களே.

அங்கு வந்தோர் அடைந்த துன்பம் பெரிது. வீடு கட்ட மரமின்மையால், வேர் பின்னிய புல்தரையைக் கற்பாளம்போல் வெட்டியெடுத்து அடுக்கிச் சுவரெழுப்பினர். மழை பெய்தால் கூரை ஒழுகும். கோடையில் பாம்பும் புழுவும் உள்ளே விழும். 1874இல் வெட்டுக்கிளிகள் வானத்தை மறைத்து வந்து விளைச்சலைத் தின்று தீர்த்தன. 1888ஆம் ஆண்டு சனவரி 12ஆந் திகதி, காலையில் இதமாக இருந்த வானிலை திடீரென மாறிக் கடும் பனிப்புயல் வீசியது. பாடசாலையிலிருந்து வீடு திரும்பிய சிறுவர் பலர் வழி தெரியாது உறைந்து மாண்டமையால், அது ‘பாடசாலைப் பிள்ளைகளின் பனிப்புயல்’ என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. அயலவர் உதவியின்றி ஒரு குளிர்காலத்தையேனும் கழிக்க முடியாத நிலம் அது. சிற்றூர் மக்களின் புகழ்பெற்ற ஒற்றுமைக்கு அடிப்படை இயல்பான நற்குணம் மட்டுமன்று, இயற்கை விதித்த கட்டாயமுமாகும்.

1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இவ்வூர்கள் ஓரளவு செழித்தன. புகையிரத நிலையத்திலிருந்து தொடங்கும் கடைத்தெருவில் வங்கி, தபாற்கந்தோர், இரும்புக்கடை, கொல்லர் பட்டடை, செய்தித்தாள் அச்சகம் ஆகியன இருந்தன. சனிக்கிழமை மாலையில் சுற்றுப்புறக் கமக்காரர் குடும்பத்தோடு வருவர். முட்டையையும் பாலாடையையும் விற்று, மாவும் சீனியும் துணியும் வாங்குவர். ஆண்கள் விலைவாசி பேச, பெண்கள் வாரம் முழுவதும் காணாத தோழியரைக் காண்பர். தொலைபேசி வந்தபோது ஒரே கம்பியிற் பல வீடுகள் இணைந்திருந்தன. ஒரு வீட்டுப் பேச்சைப் பிற வீட்டார் ஒற்றுக் கேட்பதும் உண்டு, தீப்பற்றினால் ஒரே அழைப்பில் அனைவரும் ஓடிவருவதும் உண்டு. சிற்றூரின் நிறையும் குறையும் அந்த ஒரே கம்பியில் அடங்கியிருந்தன.

இவ்வாழ்வை இலக்கியத்தில் நிலைநிறுத்தியவர் வில்லா கேதர். 1873இல் வர்ஜீனியாவிற் பிறந்த அவர், ஒன்பது வயதில் பெற்றோருடன் நெப்ராஸ்காவுக்கு வந்தார். 1884 முதல் ரெட் கிளவுட் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். 1890இல் உயர்கல்விக்காக அவ்வூரை நீங்கியவர், பின்னர் பிட்ஸ்பர்க்கிலும் நியூயோர்க்கிலுமே வாழ்ந்தார். எனினும் 1913இல் வெளிவந்த ‘ஓ பயனியர்ஸ்’, 1918இல் வெளிவந்த ‘மை அன்டோனியா’ முதலிய அவருடைய நாவல்களில், வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வரும் ஊர் ரெட் கிளவுட்டே. அந்நாவல்கள் வெறும் இனிய நினைவுகளல்ல. கடனும், தனிமையும், குளிர்காலத் தற்கொலையும் அவற்றில் உண்டு. ஊரை நேசித்தவர் ஊரில் வாழவில்லை என்பதும் கருதத்தக்கது. அவர் 1947இல் நியூயோர்க்கிற் காலமாகி, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

பொதுவான ஊர்நினைவோ இத்துணை நேர்மையுடையதன்று. அது மறக்க விரும்பும் செய்திகள் இரண்டை இங்கே கூறுதல் தகும்.

முதலாவது, எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் வேறுபட்டவருக்கு இடம் குறைவு என்பது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் செர்மானிய மொழி பேசியோர் சந்தேகத்துக்கு ஆளாயினர். எட்டாம் வகுப்பை முடிக்காத பிள்ளைகளுக்கு ஆங்கிலமல்லாத வேறெம்மொழியையும் கற்பித்தலாகாதென 1919இல் நெப்ராஸ்கா சட்டமியற்றியது. பத்து வயதுப் பிள்ளை ஒன்றுக்குச் செர்மானிய மொழியில் விவிலிய வாசிப்புக் கற்பித்த ரொபர்ட் மேயர் என்னும் ஆசிரியருக்கு 25 டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1923இல் அச்சட்டம் செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. ஆயினும் அதற்கிடையில் எத்தனையோ வீடுகளில் தாய்மொழி வாசலுக்குள்ளே ஒடுங்கிவிட்டது.

இரண்டாவது, அந்நிலத்துக்காக வேறொரு மக்களும் ஏங்கினர் என்பது. நையோப்ராரா ஆற்றின் கழிமுகத்தை அண்டி வாழ்ந்த பொன்கா மக்களை அரசாங்கம் 1877இல் கட்டாயமாக வெளியேற்றித் தெற்கே, இன்றைய ஒக்லஹோமாவுக்கு அனுப்பியது. அங்கே நோயால் பலர் மடிந்தனர். அவர்களுடைய தலைவர்களுள் ஒருவர் நிற்கும் கரடி எனப் பொருள்படும் பெயருடையவர். அவருடைய மகன் இறக்குந் தறுவாயில், தன்னைப் பிறந்த மண்ணில் அடக்கஞ் செய்யுமாறு தந்தையை வேண்டினான். 1879ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கடுங்குளிரில், சுமார் முப்பது பேருடன் மகனின் உடலை எடுத்துக்கொண்டு தந்தை வடக்கே புறப்பட்டார். வழியில் இராணுவம் அவர்களைத் தடுத்து வைத்தது. ஒமாஹா நகரில் நடந்த வழக்கில், பழங்குடியினனும் சட்டத்தின் முன் ஓர் ஆளே என்று நீதிபதி எல்மர் டண்டி அவ்வாண்டு மே மாதத்திற் தீர்ப்பளித்தார். விடுதலை பெற்ற தந்தை மகனை நையோப்ராரா மண்ணிற் புதைத்தார்.

ரெட் கிளவுட் என்ற ஊர்ப் பெயரும் ஒரு லக்கோட்டாத் தலைவரின் பெயரே. செம்முகில் என்பது அதன் பொருள். அத்தலைவருடைய மக்களைத் தள்ளிவைத்துவிட்டுப் பெயரை மட்டும் ஊர் வைத்துக்கொண்டது.

இவ்வாறு எழுந்த ஊர்கள் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1930களின் வறட்சியும் விலைவீழ்ச்சியும் முதல் அடியாகும்; 1930க்கும் 1940க்கும் இடையில் மாநிலத்தின் குடிசனத்தொகை சுமார் 62 ஆயிரத்தால் குறைந்தது. அடுத்து உழவு இயந்திரம் வந்தது. பலர் செய்த வேலையை ஒருவர் செய்ய முடிந்ததும், கமங்கள் பெருத்தன, கமக்காரர் குறைந்தனர். 1935இல் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரமாக இருந்த கமங்கள் 2022இல் சுமார் 44 ஆயிரத்து 500 ஆயின. மோட்டார் வண்டியும் நல்ல வீதியும் கிடைத்தவுடன் மக்கள் பெரிய நகரக் கடைகளை நாடினர். ஓராசிரியர் பாடசாலைகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. இம்மாற்றங்களைப் பகைவர் எவரும் புகுத்தவில்லை. அவ்வூர் மக்களே விரும்பி ஏற்றனர். முதுகொடியும் உழைப்பினின்றும் தனிமையினின்றும் விடுதலை வேண்டியவர்கள், அவ்விடுதலையோடு ஊரும் போய்விடுமென எண்ணவில்லை.

ரெட் கிளவுட் அமைந்துள்ள வெப்ஸ்டர் மாவட்டத்தில் 1910ஐ ஒட்டி ஏறக்குறைய 12 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். 2020இல் சுமார் 3,400 பேரே எஞ்சினர். வடக்கேயுள்ள மொனோவை என்னும் சிற்றூரில் 2010ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு ஒரேயொருவரைக் கணக்கிட்டது. அம்மூதாட்டியே நகரபிதா, எழுதுநர், பொருளாளர். தம் உணவகத்துக்கான அனுமதிப் பத்திரத்துக்கு விண்ணப்பிப்பவரும் வழங்குபவரும் அவரே. மறைந்த கணவரின் நூல்களைக் கொண்டு அவர் ஒரு நூலகத்தையும் நடத்தினார். நூலகத்துக்கும் உணவகத்துக்கும் சுற்றுப்புறக் கமக்காரர் வந்துபோயினர். கட்டடங்கள் இடிந்த பின்னும் ஒருவருக்கொருவர் வேண்டியவராக இருந்தவரை அங்கே ஓர் ஊர் இருந்தது.

புல்வெளி நாட்டவரின் ஏக்கத்தின் உட்பொருள் இதுவே எனலாம். கொல்லர் பட்டடையையோ குதிரை வண்டியையோ அவர்கள் உண்மையில் வேண்டுவதில்லை. தாம் வராவிடின் யாரேனும் தேடுவர் என்ற உறுதியையே வேண்டுகின்றனர். அந்த வேட்கை பொய்யன்று. ஆனால், அதனைப் பொற்காலக் கதையாக்கிப் பனிப்புயலையும், தடைசெய்யப்பட்ட மொழியையும், துரத்தப்பட்ட மக்களையும் மறைக்கும்போது, அது வரலாற்றுக்குத் தீங்காகிறது.

ஐக்கிய அமெரிக்காவின் பாராளுமன்றக் கட்டடத்தில் ஒவ்வொரு மாநிலமும் தன் சார்பில் இரு சிலைகளை நிறுவலாம். நெப்ராஸ்கா மாநிலம் தன் பழைய சிலைகளை மாற்றி, 2019இல் பொன்காத் தலைவர் நிற்கும் கரடியின் சிலையையும், 2023இல் வில்லா கேதரின் சிலையையும் அங்கே நிறுவியது. மகனின் உடலோடு ஊர் திரும்பியவர் ஒருவர். திரும்பி வாழாமலே ஊரை எழுத்திற் காத்தவர் மற்றொருவர். ஒரே மண்ணுக்குரிய இரு ஏக்கங்களும் அங்கு ஒருங்கே இடம்பெற்றுள்ளன. தன் ஊரை நினைப்பவர் அதே நிலத்தைப் பிறரும் நினைந்து வருந்தியதை அறிதல் வேண்டும் என்பதை அம்மாநிலம் காலந்தாழ்த்தியேனும் ஏற்றுக்கொண்டது.