லஸ்கர்

துடியலூர்ப் பக்கத்துக் குடியானவருக்கு அந்நாளில் பாசனம் என்றால் கிணறும் கவலையும்தான். ஆதலால் ‘லஸ்கர்’ என்னும் உத்தியோகப் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது, கோபிசெட்டிபாளையத்து உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, தடப்பள்ளி வாய்க்கால் கரையிலேதான். கையில் மதகுச் சாவியுடன் சைக்கிளில் வந்திறங்கிய பொதுப்பணி இலாகா ஊழியரைக் கண்டு, “லஸ்கரு வந்துட்டாருங்கோ” என்று வயலில் நின்றவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பல ஆண்டுகள் கழித்து, எமிலி பிராண்டியின் ‘உதரிங் ஹைட்ஸ்’ நாவலில் அதே சொல் எதிர்ப்பட்டபோது, கோபி மதகடிக்கும் யார்க்ஷயர் மேட்டுப் பொட்டலுக்கும் என்ன சம்பந்தமென்று திகைத்துப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

1847 டிசம்பரில், எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் வெளிவந்த அக்கதையிலே, லிவர்பூலுக்கு 60 மைல் நடந்து சென்ற குடும்பத் தலைவர், அங்கே தெருவில் அநாதையாகக் கிடந்த ஒரு சிறுவனைத் தூக்கிவருகிறார். அவன் பேசும் பாஷை ஒருவருக்கும் விளங்கவில்லை. அவனது கருமையைக் குறிப்பிட்டே அவர் மனைவியிடம் ஒப்படைக்கிறார். ஹீத்கிளிஃப் என்று பெயர் பெற்ற அவனைச் சிலர் நாடோடிச் சாதி என்கிறார்கள். அண்டைப் பண்ணைப் பெரியவரோ, லஸ்கர் பிள்ளையாகவோ அமெரிக்கக் கரையிலோ ஸ்பானியக் கரையிலோ இருந்து ஒதுங்கியவனாகவோ இருக்கலாமென ஊகிக்கிறார். கருமை என்ற அந்த வர்ணனைக்கு உடலின் நிறம் பொருளா, மயிரும் விழியுமா என்பதே இன்றளவும் விவாதம். கருமைக்கான ஆங்கிலச் சொல் இம்மூன்றுக்கும் பொருந்தும்.

லஸ்கரின் பூர்வீகம் நிறமன்று. பாரசீகத்தில் சேனையைக் குறித்த சொல் அது. போர்ச்சுகீசியர் வாயில் திரிந்து, இலங்கையில் சுதேசிப் படைவீரரை ‘லஸ்கரீன்’ என்று அழைக்கச் செய்தது. பின்னர் கும்பினியாரின் பீரங்கிப் படையில் எடுபிடி ஆட்களுக்கும், கப்பல்களில் கீழ்த்திசை மாலுமிகளுக்கும் பெயராயிற்று. சாரங்கு, தண்டல் என்று நம் கடற்கரையில் இன்றும் வழங்கும் சொற்கள் அந்தக் கப்பல் அடுக்கிலேயே இருந்தவை. இங்கிலாந்து சேர்ந்த மாலுமிகளில் பலர் திரும்பிச் செல்ல வழியின்றி லண்டன் துறைமுகப் பகுதிகளில் பசியிலும் குளிரிலும் வாடினர்; அவர்களுக்கும் பிற அயலாருக்கும் 1857-இல் லைம்ஹவுஸில் ஒரு விடுதி எழுந்தது. ஆகவே அந்தச் சொல், நிறத்தை மட்டுமல்ல, கரையில் கைவிடப்பட்டவன் என்ற நிலையையும் சேர்த்துச் சுமந்தது.

இங்கே ஒரு முடிச்சு. கதைக் கணக்குப்படி சிறுவன் வந்தது 1770-களின் தொடக்கம். அப்போது இந்திய வாணிகம் கும்பினியின் ஏகபோகமாதலால், கீழ்த்திசைக் கப்பல்கள் லண்டனையே நாடின. லிவர்பூலுக்கு அவ்வுரிமை 1813-க்குப் பிறகே கிட்டியது. அன்று லிவர்பூலின் செழிப்பு ஆப்பிரிக்க அடிமை வாணிகத்தினுடையது. பண்ணைப் பெரியவரின் ஊகம், எமிலி எழுதிய காலத்துக்கே அதிகம் பொருந்துகிறது என்பது என் எண்ணம். ஹீத்கிளிஃபின் பிறப்பை நிர்ணயிக்க அது சாட்சியாகாது. ஆசிரியையே மௌனம் சாதித்த இடத்தில் நாம் தீர்ப்பெழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்.

தமிழில் பெயர்ப்பவருக்கோ இந்த மௌனமே தொல்லை. ‘கறுத்த பையன்’ என்றால் நம் காதில் தோலின் நிறம் ஒன்றே விழும். மயிரும் விழியும் மறைந்துவிடும். பழைய ‘மாமை’ என்னும் சொல்லில் கருமையும் மாந்தளிர் நிறமும் அழகும் ஒருங்கே கிடக்கின்றன. ஆனால் ஹீத்கிளிஃபைக் கண்டு முகஞ்சுளித்தவர் வாயில் அழகைப் புகுத்துவது பொருந்தாது. ‘லஸ்கர்’ என்பதை அப்படியே விட்டுவிடலாமென்றால், கோபிப் பக்கத்து வாசகர் அந்தச் சிறுவனின் கையில் மதகுச் சாவியைத் தேடுவார்.