கேலாங்கின் தொண்டு வைத்தியம்



சிங்கப்பூர் என்றதும் வானளாவிய கட்டிடங்களும் துறைமுகமுந்தான் நம் நினைவுக்கு வருகின்றன. இன்று அந்நகரின் இன்னொரு பக்கத்தைப் பார்ப்போம். நகரின் கிழக்குப் பக்கமாகக் கேலாங் என்றொரு வட்டாரம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே தென்னந்தோட்டங்களும் எலுமிச்சம்புல் தோட்டங்களும் இருந்தன. கேலாங் சிராய் என்ற பெயரிலுள்ள 'சிராய்', எலுமிச்சம்புல்லைக் குறிக்கும் மலாய்ச் சொல்லே. ஆகவே கேலாங்கும் ஒரு காலத்தில் தோட்டம்தான்.

பிழைப்புத் தேடி வந்தவர்களால் வளர்ந்த நகரம் சிங்கப்பூர். தாய், மனைவி, மக்களை ஊரில் விட்டுத் தனியே வந்தவன் நோயில் விழுந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் ஏது? இந்தக் கேள்விக்கு அங்கே முதலில் பதில் சொன்னவர்கள் ஊர்ப் பெரியவர்கள். காய்கறியும் கோழியும் விற்று வணிகரான டான் டொக் செங் என்பவரின் நன்கொடையால் 1844-ஆம் ஆண்டு ஏழைகளுக்கென ஒரு வைத்தியசாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1867-இல் தொடங்கிய தோங் சாய் நிலையம், இன வேறுபாடு பாராமல் சீன வைத்தியத்தை இலவசமாக வழங்கியது. உலகப்போருக்குப் பின் காசநோய் பலரைக் கொன்றபோது, 1947-இல் வைத்தியர்களும் கொடையாளரும் கூடிக் காசநோய்த் தடுப்புச் சங்கத்தை அமைத்தனர்.

இந்த வரிசையில் வந்ததே கேலாங்கில் உருவான ஹெல்த்சேர்வ் என்னும் அமைப்பு. 2006-ஆம் ஆண்டு வைத்தியர் கோ வெய் லியோங்கும் அவருடைய நண்பர் ஒருவரும் இதைத் தொடங்கினர். வங்காளதேசம், தமிழ்நாடு, சீனா முதலிய இடங்களிலிருந்து கட்டிட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்தவர்களே அங்கு வந்த நோயாளிகள்.

சிங்கப்பூரிலே நல்ல வைத்தியசாலைகள் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கின்றன. தொழிலாளியின் வைத்தியச் செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்ற சட்டமும் இருக்கிறது. ஆனால் ஏஜன்டுக்குக் கொடுக்கக் கடன் வாங்கி வந்தவன், நோயைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று வாய் திறக்க அஞ்சுகிறான். இந்த அச்சம் நமக்குப் புதிதல்ல. இலங்கைத் தோட்டங்களில் கங்காணியிடம் பட்ட கடனைத் 'துண்டு' என்ற சீட்டில் எழுதித் தொழிலாளியைக் கட்டி வைத்த முறை 1921-இல்தான் ஒழிந்தது. கடன்பட்டவன் தன் உடம்பைப் பற்றிக்கூடத் துணிந்து பேச முடியாது என்பதை நம் பாட்டனார்கள் அறிவார்கள்.

கேலாங்கில் வைத்தியர்கள் தம் ஓய்வு நேரத்தில் சிறு கட்டணத்துக்கு நோயாளிகளைப் பார்த்தனர். பக்கத்திலே மாணவத் தொண்டர்கள் இருந்தனர். பெயர் பதிவது, இரத்த அழுத்தம் பார்ப்பது, மருந்து எடுத்துக் கொடுப்பது, மொழி தெரியாதவருக்கு உதவுவது ஆகியவை அவர்கள் பொறுப்பு. காயப்பட்டு வேலையிழந்து, நட்டஈட்டுக்குக் காத்திருப்போருக்கு உணவும் வழங்கப்பட்டது. லிட்டில் இந்தியாவின் கஃப் சாலையிலும் 2008 முதல் வேறோர் அமைப்பு இவ்வாறே உணவு வழங்கியது.

மாணவரைத் தொண்டுக்கு அழைப்பது உலகில் பல இடங்களிலும் உள்ள வழக்கம். சிங்கப்பூரில் றோட்டரி கழகம் 1930-இலேயே தோன்றியது. பள்ளி மாணவருக்கென இன்டராக்ட் கழகத்தை 1962-இலும், இளைஞருக்கென றோட்டராக்ட் கழகத்தை 1968-இலும் அவ்வியக்கம் ஆரம்பித்தது. 1997-இல் சிங்கப்பூர் அரசாங்கம் ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்கு 6 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும் என விதித்தது. 2012-இல் அத்திட்டம் மாற்றியமைக்கப்பட்டது. மணிக்கணக்கு ஒரு பிள்ளையை வாசல்வரை கொண்டுவந்து விடும். மறுவாரமும் அதே நாளில் வரச்செய்வது அந்தப் பிள்ளையின் மனந்தான். நீரிழிவு நோயாளிக்கு ஒருநாள் விழா பயன்படாது. அடுத்த மாத மாத்திரையே பயன்படும். கழகங்கள் பணம் திரட்டி மருந்து வாங்கலாம். அதை எடுத்துக் கொடுக்கும் கை தவறாமல் வரவேண்டும்.

இதன் பயன் 2020-இல் தெரிந்தது. கொரோனா நோய் தொழிலாளர் விடுதிகளில் பரவி, அங்கிருந்த 3 லட்சத்துக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேரை அவ்வாண்டு முடிவதற்குள் தொற்றியது. விடுதிகள் அடைக்கப்பட்ட அந்நாட்களில், தொழிலாளரோடு ஏற்கெனவே பழகியிருந்த தொண்டர்கள் மருத்துவ உதவியும் தொலைபேசி வழியே ஆறுதலும் அளித்தனர். முன்பின் அறியாதவர் சொல்லியிருந்தால் அவர்கள் அவ்வளவு எளிதில் நம்பியிருப்பார்களா?

ஒன்றை மறந்துவிடலாகாது. தொண்டு உரிமைக்கு ஈடாகாது. கை முறிந்தவனுக்கு ஒருவேளைச் சோறு தரலாம். அதனால் அவனுக்குச் சட்டப்படி சேரவேண்டிய நட்டஈடு தீர்ந்துவிடாது. இதை உணர்ந்தே ஹெல்த்சேர்வ் அமைப்பு வைத்தியத்தோடு வழக்கு விவரங்களிலும் தொழிலாளருக்குத் துணை நின்றது.

நம் தோட்டங்களிலும் இதற்கு இடமுண்டு. லயத்தில் மருந்துச் சீட்டை வாசிக்க முடியாத பாட்டிமார் எத்தனை பேர்! படிக்கும் பிள்ளை வாரம் ஒருநாள் போய் எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று வாசித்துச் சொல்லலாம். கிளினிக் போகும் திகதியைக் கலண்டரில் குறித்து வைக்கலாம். விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். இதற்குக் காசு தேவையில்லை. பெற்றோர்களே, பிள்ளை அப்படிப் புறப்படும்போது, "உனக்கென்ன வேலை" என்று தடுக்காதீர்கள்.