தி எஃப்16ஸ்

சென்னையைச் சேர்ந்த ஆல்டர்நேட்டிவ் ராக் இசைக்குழு, 2012-இல் உருவானது. பாடல்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. ஜோஷ்வா பெர்னாண்டஸ் பாடியபடி கிதார் வாசிக்கிறார். அபினவ் கிருஷ்ணசாமி இன்னொரு கிதார், ஹர்ஷன் ராதாகிருஷ்ணன் கீபோர்டு; பேஸ் வாசித்தவர் சஷாங்க் மனோகர். முதல் குறுந்தொகுப்பு ‘கலைடோஸ்கோப்’ (2013).

திரையிசையில் பெரும்பாலும் பாடகருக்குப் பின்னால் நிற்கும் கிதார், இவர்களிடம் பாட்டை முன்னின்று இழுக்கிறது. முதல் முழு ஆல்பமான ‘ட்ரிகர்புங்க்ட’வில் (2016) அதை நன்றாகக் கேட்கலாம்: தனி ஆவர்த்தன வித்தை காட்டாமல், இரண்டு கிதார்களும் ஒன்றுக்கொன்று இடம்விட்டு நகர்கின்றன. ‘வீக்எண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ (2019) தொகுப்பில் சின்தசைசரின் கை ஓங்கியது. கிதார் பிரியர்களுக்கு அது சற்றே வருத்தம்தான்.