அப்பியாசக் கொப்பியும் கட்டற்ற மென்பொருளும்

தொண்ணூறுகளில் நான் பணியாற்றிய பத்திரிகை அலுவலகம் ஒன்றில் கணினி அச்சுக்கோப்பு அறிமுகமான காலம். பாமினி எழுத்துருவில் எந்த விசைக்கு எந்த எழுத்து வரும் என்பதை மூத்த அச்சுக்கோப்பாளர் ஒருவர் அப்பியாசக் கொப்பி ஒன்றில் எழுதி வைத்திருந்தார். கணினியுடன் வந்த தடித்த ஆங்கிலக் கையேட்டை எவரும் திறந்ததில்லை. அந்தக் கொப்பியே எங்களுக்கு வேதம். அவர் ஓய்வுபெற்றபோது கொப்பியும் அவருடன் போயிற்று. அதன்பின் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கொப்பியே நினைவுக்கு வருகிறது. 1983 இல் குனூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டோல்மன், மென்பொருளைத் திருத்தும் உரிமை மட்டும் போதாது, அதன் கையேட்டையும் திருத்தும் உரிமை வேண்டும் என்று வாதிட்டார். மென்பொருள் மாறிக் கையேடு மாறாவிட்டால் அதனால் என்ன பயன்? 2000 ஆம் ஆண்டில் குனூ கட்டற்ற ஆவண உரிமம் வெளிவந்தது. முதன்மையாகக் கையேடுகளுக்கென ஆக்கப்பட்ட அந்த உரிமத்தையே 2001 இல் பிறந்த விக்கிப்பீடியா எடுத்துக்கொண்டது. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் 2009 இல் உரிமம் மாறும்வரை அதன் கீழேயே வளர்ந்தது.

விக்கிப்பீடியாவுக்காக எழுதப்பட்ட மீடியாவிக்கி மென்பொருளை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். 2005 இல் தொடங்கப்பட்ட ஈழத்து மின்னூலகமான நூலகம் இணையத்தளம் இயங்குவது அதன் மீதே. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதைக் கண்ட சமூகத்துக்கு, ஒரு நூல் பல இடங்களில் பிரதியாக இருப்பதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை. நூலக நிறுவனம் வெள்ளவத்தையில் அலுவலகம் அமைத்தபோது, கொழும்புத் தமிழர் வீட்டு அலமாரிகளில் தூசு படிந்திருந்த சஞ்சிகைகளுக்கும் ஒரு வாசல் திறந்தது.

ஆனால் மென்பொருள் தானாக நூலகமாகிவிடாது. பக்கங்களை எந்தத் தெளிவில் வருடுவது, கோப்புக்கு எப்படிப் பெயரிடுவது, தலைப்பை எவ்வாறு எழுதுவது என்பன வரையறுக்கப்பட வேண்டும். ஒரு தன்னார்வலர் 'க. கைலாசபதி' என்றும், இன்னொருவர் 'கைலாசபதி, க.' என்றும் பதிந்தால் ஒரே ஆசிரியர் இருவராகிவிடுவார். இடையில் உள்ள வெற்றிடம் விடுபட்டாலும் விக்கியில் அது வேறு பக்கமே. தேடுபவருக்குக் கிடைக்காத நூல் இருந்தும் இல்லாததற்குச் சமம். ஆகவே நூல்களைச் சேர்ப்பதைப் போலவே வழிகாட்டிப் பக்கங்களை எழுதுவதும் நூலகப் பணிதான். விக்கியின் சிறப்பு யாதெனில், அந்த வழிகாட்டியையும் அடுத்து வருபவர் திருத்தலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பதும் அழியாமல் பதிவாகும்.

கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் கணினித்துறையில் உள்ள நண்பர்களே, தமிழுக்குப் புதிய மென்பொருள் எழுதினால்தான் பணி என்று எண்ண வேண்டாம். நீங்கள் அன்றாடம் கையாளும் ஒரு கட்டற்ற மென்பொருளின் பயன்பாட்டை, நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் படித்து விளங்கும் தமிழில், படிப்படியாக எழுதி எல்லோரும் திருத்தக்கூடிய இடத்தில் வையுங்கள்.

எங்கள் அச்சுக்கோப்பாளர் தம் கொப்பியை ஒளித்து வைத்தவரல்லர். கேட்டிருந்தால் தந்திருப்பார். பிரதி எடுத்துவைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.